நான்காம் எண்ணில் ஒரு பாலம்

1

அன்று காலை லத்தீபா செய்த கடைசிச் சாதாரண வேலை, ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தது.

சாதிக் அலியின் மூக்குக் கண்ணாடியில் வலது காதில் மாட்டும் கம்பி முறிந்திருந்தது. கறுப்பு நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கடித்துத் துப்பிவிட்டுக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிது. நீயே சரிஞ்சு தெரியிற."

"நான் சரிஞ்சு ரொம்ப வருசமாச்சு. இப்பத்தான் தெரியுதாக்கும்."

"பத்து மணி பஸ்ஸுக்குக் காரைக்குடி போயி மாத்திட்டு வந்துர்றேன்."

பேச்சு அவ்வளவுதான்.

இப்படித் தொடங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊராட்சித் தலைவர் சுபலட்சுமி கேட்டது ஒரே ஒரு பக்கம். குடியரசு தினத்தன்று கிராம சபையில் வாசிப்பதற்காக, மழையில் இறந்துபோன வார்டு உறுப்பினர் சாதிக் அலியைப் பற்றி அவர் மனைவி எழுதித் தரும் ஒரு பக்கம். மனைவி நேரில் வந்து பேச முடியாது. இத்தாவில் இருக்கிறாள்.* ஆகவே அவள் எழுத, மகள் அஃப்ரின் போய் வாசிப்பதாக ஏற்பாடு.

அந்த ஒரு பக்கம்தான் இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. நீண்டுவிட்டது. நடுவில் கதையாகவும் ஆகிவிட்டது.

இதை எழுதுகிறவளும் லத்தீபாவும் ஒருத்திதான். அதை ஒளிப்பதில் பயனில்லை. ஆனால் ‘நான்’ என்று தொடங்கினால் முதல் வரியைத் தாண்டிப் பேனா நகர மாட்டேன் என்கிறது. ‘லத்தீபா’ என்று போட்டால், யாரோ ஒருத்தியைப் பற்றி அக்கறையோடு விசாரிப்பதுபோல் எழுத முடிகிறது. கல்யாணத்துக்கு முன் அவள் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். வேண்டாமென்று கோடு போடுகிற வரியையும் படிக்க முடிகிறமாதிரிதான் அடிக்க வேண்டும் என்பது அங்கே பழகிய பழக்கம். இங்கேயும் அப்படியே விட்டிருக்கிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

* இத்தா என்பது, கணவனை இழந்தவள் வீட்டை விட்டு வெளியே போகாமலும் வெளி ஆண்கள் முன் வராமலும் இருக்கும் காலம். ஆண்கள் பேச வந்தால் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள். பெண்கள் உள்ளே வரலாம். இந்தக் கதை முழுக்கத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து எழுதப்பட்டது.

2

தொடக்கங்கள்.

முதலாவது: எங்கள் ஊராட்சியின் ஒளிவிளக்காய்த் திகழ்ந்த சாதிக் அலி அவர்கள்—

[வேண்டாம். அச்சகத்தில் எத்தனையோ கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் இந்த ஒளிவிளக்கைத் திருத்தியிருக்கிறாள். எல்லோருக்கும் அதே விளக்கு.]

இரண்டாவது: அடைமழை கொட்டிய அந்தக் காலையில், ஓடையில் அடித்துச் செல்லப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றுவதற்காகத் தன் இன்னுயிரையும்—

[ஆட்டுக்குட்டி இல்லை. ஊரில் இருக்கிறது என்கிறார்கள். வெள்ளைக் குட்டியாம், நெற்றியில் கறுப்புப் புள்ளியாம். யாருடைய குட்டி என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.]

மூன்றாவது: கல்லலுக்கும் காரைக்குடிக்கும் இடையில் உள்ள ஓர் ஊராட்சி தனக்கென்று இலக்குகளை வகுத்துக்கொண்டபோது, நான்காவது இலக்காக ஒரு தரைப்பாலத்தைப் போட்டது. அதை நான்காவதாகப் போடச் சொன்னவர்—

இந்த வாக்கியத்தை லத்தீபா அடிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. இதை முடித்துவிட்டால் கதை முடிந்துவிடும். முடிக்காவிட்டால் மற்ற எல்லாம் ஆட்டுக்குட்டிதான்.

3

நடந்தது இது. இதில் கற்பனை கிடையாது. அவளும் அங்கே பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஊராட்சியில் நாலு குடியிருப்புகள். பெரிய ஊர், ஏந்தல், மேலக்காடு, ஓடைக்கரை. முதல் மூன்றும் ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடைக்கரை மட்டும் இந்தப் பக்கம். பள்ளிவாசலும் எங்கள்—லத்தீபாவின் வீடும் இங்கேதான். நடுவில் இருப்பது ஒரு தரைப்பாலம். பாலம் என்ற பெயர்தான், ஓடையின் அடிவயிற்றில் போட்ட சிமெண்டுப் பாதை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். எல்லோரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடப்பார்கள்.

சாதிக் அலி இறப்பதற்கு முந்தைய வருடம் காந்தி ஜெயந்திக் கிராம சபையில் வளர்ச்சித் திட்டம் தீட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. சமுதாயக் கூடத்தில் கூட்டம். பயிற்சி கொடுக்க நாராயண் என்ற பையன் வந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன். பெரிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நீல மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு நோக்கத்துக்கும் குறிக்கோளுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினான்.

"நோக்கம்ங்கிறது நீங்க போய்ச் சேர வேண்டிய ஊருங்க. குறிக்கோள்ங்கிறது அதுக்கு நீங்க ஏற வேண்டிய பஸ்ஸுங்க."

சாதிக் அலி கையைத் தூக்கினார். "தம்பி, எங்க ஓடைக்கரைக்குப் பஸ்ஸே வராது. பாலத்துக்கு அங்குட்டே புளியமரத்துல திரும்பிரும். அப்ப நாங்க வெறும் நோக்கத்தோட நிக்கிறதா?"

கூடம் சிரித்தது. நாராயணும் சிரித்தான். ஆனால் கெட்டிக்காரன். உடனே, "எந்த வேலை நடக்காட்டி உயிருக்கு ஆபத்தோ அதை ஒண்ணுன்னு போடுவோம்" என்று தாளில் எழுதினான். ஒன்று, தரைப்பாலத்தை உயர்த்துதல். இரண்டு, மேலக்காடு அங்கன்வாடியின் கூரை. மூன்று, ஏந்தலில் ஊருணி தூர்வாருதல். நாலு, பெரிய ஊர் சமுதாயக் கூடத்துக்குத் தரை போடுதல்.

எழுதி முடித்துத் திரும்பியபோது சிரிப்பு நின்றிருந்தது.

ஏந்தல் உறுப்பினர் வீரபாண்டியன் எழுந்தான். "நம்பர யாரு போட்டது?"

"நீங்க எல்லாரும் சொல்லித்தாங்க..."

"நாங்க வேலையச் சொன்னோம். நம்பர யாரு போடச் சொன்னது?"

இங்கே நாராயணுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐயனார் கோயில் புரவியெடுப்பில் மண்குதிரைகள் ஒரு வரிசையில்தான் போகும். பெரிய ஊர்க் குதிரை முன்னால், ஏந்தல் அடுத்து, மேலக்காடு அதற்கு அடுத்து. இந்த வரிசைக்காகத் தலைகள் உடைந்திருக்கின்றன, தாசில்தார் முன்னிலையில் கையெழுத்துகள் போடப்பட்டிருக்கின்றன. அதனால் இந்த ஊராட்சியில் எதற்கு நம்பர் போட்டாலும் குதிரைகள் வந்து நின்றுவிடும். கொசுமருந்து அடிக்கிற மிஷின்கூட அந்த வரிசையில்தான் தெருவுக்குள் நுழையும்.

பெரிய ஊர் முத்துக்கண்ணன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு குறைவு. "சண்டைக்கிச் சொல்லல. எங்கள நாலாவதாப் போட்டிருக்கீக. நாளைக்கிப் புரவிக்கு இந்தத் தாளக் கொண்டாந்து காட்டுவாக. அப்ப யாரு பதில் சொல்றது?"

"ஐயா, இது மரியாதை இல்லீங்க. முன்னுரிமைங்க."

"முன்னாடி போறவனுக்குத்தானப்பா மரியாத. பின்னாடி போறவனுக்கா குடுப்பாக?"

ஊராட்சிச் செயலர் சத்தியமூர்த்தி, அகர வரிசைப்படி போட்டால் பிரச்சினை வராது என்றார். ஏந்தல்காரர்கள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார்கள். அதனாலேயே பெரிய ஊர் சம்மதிக்கவில்லை. லத்தீபாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குத் தாய்மாமன்களின் பெயரைக் கோக்கும்போது இதே ரகளைதான்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் வெளியே போகத் தொடங்கினார்கள். ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது. கூட்டம் செல்லாவிட்டால் திட்டமே இல்லை. அப்போதுதான் சாதிக் அலி எழுந்தார்.

"அட, எதுக்கு இம்புட்டுப் பேச்சு. எங்களுக்குக் குதிரையும் கெடையாது, வரிசையும் கெடையாது. எங்களுதக் கடைசியில போடுங்க. விசேஷ வீட்டுல வீட்டுக்காரன் கடைசிப் பந்தியிலதான உக்காருவான்? இது எங்க வீட்டு விசேஷமா இருந்துட்டுப் போகட்டும்."

கைதட்டல். முத்துக்கண்ணன் அவர் தோளைத் தட்டினார். வீரபாண்டியன், "மாமான்னா மாமாதான்" என்றான். டீ வந்தது, உளுந்த வடை வந்தது. நாராயண் வேறு தாளை ஒட்டி, குதிரைகளின் வரிசையில் மறுபடி எழுதினான். சமுதாயக் கூடத்தின் தரை ஒன்று. ஊருணி இரண்டு. அங்கன்வாடி மூன்று. பாலம் நாலு. எழுதிவிட்டுச் சாதிக் அலியிடம் தணிந்த குரலில் சொன்னான்.

"ஆபீஸ்ல நம்பரப் பாத்துத்தாங்க வேலையை எடுப்பாங்க."

"நாலுதான தம்பி? நாப்பதா?"

வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். லத்தீபா நினைவிலிருந்துதான் எழுதுகிறாள். ஆனால் வடை நிச்சயம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓடையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அவருக்குப் பின்னால் நடந்துகொண்டு, "நல்லாப் பேசுனீக" என்றாள். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. இந்தப் பத்தியின் கடைசியில் வைத்திருக்கிறாள்.

4

கதை எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. பாத்திரத்தைப் பேசாமல் இருக்கச் செய்யலாம்.

லத்தீபா முயன்று பார்த்தாள்.

எழுதிப் பார்த்த ஒரு படியில் சாதிக் அலிக்கு அன்று காய்ச்சல். கூட்டத்துக்குப் போகவில்லை. அந்தப் படியில் கூட்டம் கலைந்துவிட்டது, திட்டமே இல்லை, பாலமும் இல்லை. கிழித்தாள்.

இன்னொரு படியில் அவர் கூட்டத்தில் இருக்கிறார், ஆனால் பேசவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு பக்கம் எழுதிய பிறகு அந்த ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு வார்டு உறுப்பினர்.

மூன்றாவது படியில் அவரைச் சண்டை போட வைத்தாள். "எங்களுக்கு மொத எடம் வேணும். பிள்ளைக தண்ணியில நடந்து போகுதுக. குதிரை பெருசா, பிள்ளை பெருசா?" என்று அவர் கேட்டார். நல்ல வசனம். எழுதும்போது கண்ணீர்கூட வந்தது. ஆனால் வசனத்தைச் சொல்லி முடித்த கையோடு சாதிக் அலி அந்தத் தாளுக்குள்ளிருந்தே இளித்துக்கொண்டு, "சும்மா சொன்னேன். நீங்க முன்னாடி போங்க" என்றுவிட்டார்.

அவர் புரூணையில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒரு பாத்திரம் எந்தப் பதத்தில் எதைச் சொல்லும் என்பதில் எழுத்தாளரைவிடச் சமையல்காரரின் பிடிவாதம் பெரிது.

[இந்த வாக்கியம் அழகுக்காக வந்தது. இருக்கட்டும். அவருக்குப் பிடித்திருக்கும்.]

அவரைச் சந்தேகித்துப் பார்த்தாள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெருந்தன்மையில்தான் அப்படிச் சொன்னாரா? அல்லது, இந்த ஊரில் நாம் கடைசியில் நிற்பதுதான் எல்லோருக்கும் நிம்மதி என்று எப்போதோ பழகிப்போய்ச் சொன்னாரா? கேட்டிருக்கலாம். அவர் இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை. பாத்திரத்திடம் கேட்டால், அவளுக்குத் தெரிந்த பதிலைத்தான் சொல்கிறது.

5

இந்தப் பகுதி சின்னது.

அடுத்த வருடம் சமுதாயக் கூடத்துக்குத் தரை வந்தது. ஆத்தங்குடிக் கல். சிவப்பில் பச்சைப் பூ. சாதிக் அலியே ஆத்தங்குடிக்குப் போய்ப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தார். அதற்கு அடுத்து ஊருணிக்குப் பொக்லைன் வந்தது. அந்த வருடம் அதோடு நின்றது.

பிறகு மழைக்காலம் வந்தது. கண்மாய் மறுகால் பாய்ந்தது. பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கச் சாதிக் அலி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். எல்லோரும் எல்லா மழைக்கும் இறங்குவதுபோல. பாதி தூரம் போனவரைப் பார்த்தவர்கள் உண்டு. பாலத்தின் ஓரம் எங்கேயோ அரித்துப் போயிருந்தது.

அந்தப் பக்கக் கரையில், கருவேல மரத்தடியில் ஒதுங்கியிருந்தார். தகவல் கேட்டு அஃப்ரின் காரைக்குடியிலிருந்து வந்தாள். அவள் வந்து சேர்ந்ததும் அந்தப் பக்கம்தான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் மையத்தை—அவர் உடலை—வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. சமுதாயக் கூடத்தில் கிடத்தினார்கள். அந்தத் தரையில்.

தண்ணீர் வடியும்வரை லத்தீபா இந்தக் கரையில் இருந்தாள். அஃப்ரின் போனில் இருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் மகள், "கல்லு சில்லுண்டு இருக்கும்மா. வீரபாண்டியண்ணன் தன் துண்ட மடிச்சு அத்தா தலைக்கு அடியில வச்சிருக்கு" என்றாள். வீரபாண்டியன் அந்த இடத்தை விட்டு எழவே இல்லையாம்.

சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது. நூல் அவிழவில்லை.

6

தை பிறந்த பிறகு சுபலட்சுமி வந்தாள். அவள் உள்ளே வந்து லத்தீபாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கூட வந்த வீரபாண்டியன் திரைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். திரைக்குக் கீழே அவன் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன.

"மதினி, எங்களுக்கு மனசே ஆறல" என்றாள் சுபலட்சுமி. "அதான் எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். பாலத்த ஒண்ணாவதாப் போடுறோம். அண்ணன் பேரையே வைக்கிறோம்."

திரைக்கு வெளியிலிருந்து வீரபாண்டியன் தொண்டையைச் செருமினான். "மாமாவுக்கு மொத மரியாத குடுக்கணும்த்தை. முத்துக்கண்ணய்யாவே சொல்லிட்டாக. குதிரைகூட அடுத்துத்தான்னுட்டாக."

வேண்டியிருந்ததைத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கொடுக்கிற விதம் மாறவே இல்லை. பாலத்தில் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்பதற்காக அல்ல, மாலை போடுவதற்காக ஒன்றாம் இடம்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டாள்.

"மத்தது பழைய வரிசதான் மதினி. பெரிய ஊருக்குப் படித்துறை ரெண்டு. ஏந்தல் ஊருணிக்குச் சுத்துச்சுவரு மூணு. மேலக்காடு நாலு."

"அங்கன்வாடிக் கூரையா நாலு? மூணுல இருந்துச்சே."

"நாலுதானத்தை" என்றான் வீரபாண்டியன். "பொறுத்துக்கிருவாக."

அவனுக்கு அது நினைவில்லை. அவள் அந்த வார்த்தைகளை வேறொரு வாயில் கேட்டிருக்கிறாள்.

"நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீகன்னா போதும்த்தை. அஃப்ரின் வாசிச்ச ஒடனே கைதட்டித் தீர்மானம் போட்டுரலாம். அந்த ஆட்டுக்குட்டிய மட்டும் விட்டுறாதீக."

"ஆட்டுக்குட்டி இல்லையேப்பா."

"இருந்திருக்கும்த்தை. மாமாவப் பத்தி எனக்குத் தெரியாதா?"

திரைக்குக் கீழே கால்விரல்கள் மடங்கி விரிந்தன. அழுகிறான் என்று சுபலட்சுமி சைகையில் காட்டினாள். லத்தீபாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக இருந்திருக்கும்.

7

இரண்டொரு நாளில் அக்கம்மாள் வந்தாள். மேலக்காட்டு அங்கன்வாடியில் உதவியாளர். வாய் கொஞ்சம் நீளம்.

[கதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு குரல் தேவை என்பதற்காக அக்கம்மாளைக் கொண்டுவரவில்லை. அவளாகத்தான் வந்தாள். வாசலிலேயே, "எழுதுறீகளாமே" என்றாள்.]

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஊரே பேசுது. பாலம் ஒண்ணாம் நம்பராம். நல்ல விசயந்தான்க்கா. நான் இல்லேங்கல." டீயை ஆற்றிக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக் கூரை நல்லாருக்கு."

"சொல்ல வந்ததச் சொல்லு."

"எங்க கட்டடத்துல மூலைக்கி மூலை பேந்து விழுகுது. பிள்ளைகளச் செவுத்தோரமா உக்கார வச்சிருக்கேன். சோறு போடுறப்ப அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான் போடுறது. ஆபீஸரு வந்தா, திட்டத்துல இருக்குல்லங்கிறாரு. இருக்கு, இப்ப நாலாவதா." டம்ளரைக் கீழே வைத்தாள். "செத்தாத்தான் ஒண்ணாம் நம்பரு கெடைக்கும்னா, எங்க பக்கம் யாரு சாகணும்னு சொல்லிருங்கக்கா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். லத்தீபாவின் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சுக்கிருங்க. வாயி நிக்க மாட்டேங்குது."

"நின்னா நீ எதுக்கு இம்புட்டுத் தூரம் வரப்போற."

"பாய் இருந்தா எங்களுக்கு விட்டுக் குடுத்திருப்பாக. அது ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். கஷ்டமே அதுதான்.

அவள் போன பிறகுதான் லத்தீபாவுக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று முழுதாகப் புரிந்தது. அவர் சொன்ன அந்த வாக்கியம். "எங்களுதக் கடைசியில போடுங்க." பாலம் கடைசிக்குப் போனது அவர் வாயால்தான் என்று அந்தக் கூடத்தில் யாரும் இப்போது பேசுவதில்லை. அவள் அதை எழுதி, அஃப்ரின் வாசித்தால், கூடம் உருகும். அவர் ஆசைப்படியே விட்டுக் கொடுப்போம் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். கைதட்டல் வரும். கூரை மேலே போகும், பாலம் மறுபடி கீழே போகும். அடுத்த மழைக்குப் பிள்ளைகள் தண்ணீரில் நடப்பார்கள்.

எழுதாமல் ஆட்டுக்குட்டியை எழுதினால் பாலம் வரும். கூரை நாலில் நிற்கும். அவரும் அவராக இருக்க மாட்டார்.

8

முடிவுகள்.

அ. ஆட்டுக்குட்டியோடு. அஃப்ரின் வாசிக்கிறாள். முத்துக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தீர்மானம் நிறைவேறுகிறது. ஒரு வருடம் கழித்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாதிக் அலியின் பெயர். அதைத் தாண்டிப் போகும் பிள்ளைகள், அவர் ஒரு குட்டிக்காகச் செத்தார் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் மேலக்காட்டில்—

[இந்த வாக்கியத்தை எழுத மாட்டாள். ஒரு கதைக்காகக்கூட அந்தக் கூரையை விழவைக்க மாட்டாள்.]

ஆ. வாக்கியத்தோடு. முன்பே சொல்லியாயிற்று.

இ. அச்சக முறை. இரண்டு தாய்மாமன்களும் முதலில் வர வேண்டும் என்று அடம்பிடித்தால், அச்சகத்தில் இருவர் பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில், பக்கத்துப் பக்கத்தில் கோப்பார்கள். அதுபோல, ஒன்றாம் எண்ணில் பாலமும் கூரையும் சேர்ந்து. லத்தீபாவுக்கு இது பிடித்திருந்தது. அஃப்ரினிடம் போனில் சொன்னாள்.

"ஆபீஸ்ல ஒரு நம்பருக்கு ஒரு வேலதாம்மா ஏத்துவாக" என்றாள் மகள். "அப்புறம், எது எடது பக்கம், எது வலது பக்கம்ண்டு வேற கேப்பாக."

அச்சகத்திலும் அதைத்தான் கேட்டார்கள்.

ஈ. இது முடிவு அல்ல, ஆசை. நாராயண் மறுபடி வருகிறான். அவன் தாளில் எண்ணே போடவில்லை. "மழை வந்தா யாரு நனைவாங்க?" என்று மட்டும் கேட்கிறான். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். பிறகு யாரோ ஒருவர்—

அந்த யாரோ ஒருவர் யார் என்று அவளால் எழுத முடியவில்லை. அவளுக்குத் தெரிந்து அப்படி எழுந்து பேசக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் எழுந்தால் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

9

குடியரசு தினத்துக்கு முந்தைய நாளே அஃப்ரின் வந்துவிட்டாள். காலையில் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தாள்களை வாங்கிப் புரட்டினாள். நின்றபடியே கடைசிவரை படித்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். வடை வரும் இடத்தில் என்று லத்தீபா ஊகித்தாள்.

"இவ்வளவையும் வாசிக்கவா?"

"ஒரு பக்கம்தான் கேட்டாக. அடிச்சதையும் சேத்து வாசி."

"அத்தா சொன்னதையுமா?"

"அதையும். கண்ணாடியையும். அக்கம்மா சொன்னதையும். குட்டி இல்லேங்கிறதையும்."

"வீரபாண்டியண்ணன் மொகத்துல முழிக்க முடியாதும்மா."

"துண்ட வச்சது அதுல இருக்குல்ல. அதச் சத்தமா வாசி."

அஃப்ரின் கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "முடிவு எங்கம்மா? இப்படிப் பாதியில நிறுத்துனா அங்க எல்லாரும் என்னயப் பாப்பாக."

"பாக்கட்டும். நீ உக்காந்துரு. அதுக்கப்புறம் கை தூக்க வேண்டியது அவுக."

ஆகவே இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. காலுக்கடியில் சிவப்பில் பச்சைப் பூ. யார் எந்த இடத்தில் கிடந்தார் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே பார்த்து மிதிப்பீர்கள். சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. நாலு வேலைகள் இருக்கின்றன, எண் போடவில்லை. மார்க்கர் மேசைமேல் இருக்கிறது. பாலத்தை முதலில் போடுவீர்களா, கூரையையா என்று லத்தீபா கேட்கவில்லை. எதைப் போட்டாலும், எதற்காகப் போடுகிறீர்கள் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டுப் போடுங்கள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவருக்காக என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அஃப்ரின் வாசலைத் தாண்டிப் போனாள். ஓடையில் இப்போது தண்ணீர் பாதத்தை நனைக்கும் அளவுதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்கிறாள் என்பது திரைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. அவள் கால் சத்தம் நின்றுபோய்க் கொஞ்ச நேரத்தில் பத்து மணி டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

வந்தது. அந்தப் பக்கப் புளியமரத்தடியில் திரும்பிப் போனது.